ஸ்பேனருக்கு வந்த காமாலை

பொன்விரலாரைப் பார்க்க மூன்று மாடி ஏற வேண்டும். பிள்ளை பெற்று நான்கு நாள், ஐந்து நாள் ஆன பெண்கள், தையல் போட்ட உடம்போடு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து அந்த மூன்று மாடியையும் ஏறினார்கள். கட்டடத்தில் லிஃப்ட் ஒன்று இருந்தது. அது பாதி வழியில் நின்று இரண்டு வருடம் ஆகிறது. ஊரிலுள்ள குழந்தைகளின் காமாலை மஞ்சளையெல்லாம் இறக்கத் தெரிந்தவருக்கு ஒரு லிஃப்டை இறக்கத் தெரியவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. கேட்க மூச்சு மிச்சமில்லை.

மூன்றாவது மாடிக் கதவின் மேல் பலகை தொங்கியது. 'பச்சிளங் குழந்தைகளுக்கான மஞ்சள் இறக்கும் மென்தடவல் அசைவு நிலையம். மருந்து இல்லை. ஊசி இல்லை. பக்க விளைவு இல்லை.' மூன்றும் உண்மைதான். விளைவே இல்லாத இடத்தில் பக்க விளைவு எங்கிருந்து வரும்?

உள்ளே நீளமான அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள் நாற்பது, அவற்றில் எழுபது பேர். நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் மெத்தை. மேஜைக்குப் பின்னால் பொன்விரலார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, பளபளக்கும் வழுக்கை. இதற்கு முன் அவர் முடி வளரும் தைலம் விற்றவர் என்று கீழ்த்தள பெயின்ட் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். பொறாமை பிடித்தவர் என்று ஜனங்கள் அவரை ஒதுக்கிவிட்டார்கள்.

வைத்தியம் ரொம்ப அழகானது. குழந்தையை மெத்தையில் கிடத்துவார். ஒரு புட்டியிலிருந்து தைலத்தை உள்ளங்கையில் ஊற்றுவார். தைலம் என்றுதான் பெயர், தண்ணீர் மாதிரி ஓடும். மார்பிலும் வயிற்றிலும் தடவுவார். குட்டிக் கால்களைப் பிடித்து சைக்கிள் மிதிப்பதுபோல மடக்கி நீட்டுவார். கைகளைக் குறுக்கே சேர்த்துப் பிரிப்பார். பிறகு பக்கத்தில் நிற்கும் உதவியாளர் அம்மாள், ஒரு பேசினிலிருந்த தெளிந்த தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியைப் பிழிந்து நீட்டுவார். பொன்விரலார் அதை வாங்கி, கண்ணை மூடி, குழந்தையின் மார்பிலிருந்து தொப்புள் வரை ஒரே இழுப்பாக இழுப்பார்.

துணி மஞ்சளாகும்.

எழுபது பேரும் 'ஆ' என்பார்கள். நேற்று வந்து 'ஆ' சொன்னவர்களும் இன்று மறுபடி சொல்வார்கள்.

அந்தத் துணியில் குழந்தையின் அடையாளத்தையும் தேதியையும் எழுதிய சீட்டைக் குத்தி, சுவருக்குச் சுவர் கட்டியிருந்த கம்பியில் உதவியாளர் அம்மாள் தொங்கவிடுவார். துணியை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, எடுத்துப்போனால் இறங்கிய மஞ்சள் வழி கண்டுபிடித்துத் திரும்ப வந்துவிடுமாம். மஞ்சளுக்கு அவ்வளவு ஞாபக சக்தி.

குழந்தை அழுதால், மஞ்சள் முரண்டு பிடிக்கிறது. அழாவிட்டால், மஞ்சள் பணிந்துவிட்டது. தோல் சிவந்தால், உள்சூடு வெளியேறுகிறது. சிவக்காவிட்டால், ஏற்கெனவே வெளியேறிவிட்டது. எந்தப் பக்கம் விழுந்தாலும் பொன்விரலாருக்குத்தான் பூ.

மொத்தம் ஏழு அமர்வு. ஒரு நாளைக்கு ஒன்று. ஏழாம் அமர்வில் பெரும்பாலான குழந்தைகள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. பொன்விரலாரைப் பார்க்காமல் வீட்டில் பால் குடித்துக்கொண்டு கிடந்த குழந்தைகளில் பெரும்பாலானவையும் அதே ஏழெட்டு நாளில்தான் பழைய நிறத்துக்கு வந்தன. ஆனால் அவை கம்பியில் தொங்கவில்லை, அதனால் அவற்றை யாரும் எண்ணவில்லை. விடிகிற நேரம் பார்த்து விளக்கை அணைத்துவிட்டு இருட்டை நான்தான் விரட்டினேன் என்று சொல்வதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவரிடம் நிறைய இருந்தது.

இந்த மூன்று மாடியை ஏறியவர்களில் ஒருத்திதான் ஷேடக்கா.

அது அவளுக்குச் சாயப்பட்டறையில் வைத்த பெயர். துணிக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் நிறம் பார்ப்பது அவள் வேலை. வாடிக்கையாளர் ஒரு சின்னத் துண்டுத் துணியைக் கொடுத்து 'இதே மஞ்சள் வேணும்' என்பார். தொட்டியிலிருந்து வருகிற துணி அதே மஞ்சள்தானா, ஒரு நூல் கூடவா, ஒரு நூல் குறைச்சலா என்று சொல்ல வேண்டியவள் அவள். மற்றவர்களுக்கு மஞ்சள் என்பது ஒரு நிறம். அவளுக்கு அது வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை பன்னிரண்டு படி உள்ள ஒரு நிற அட்டை, ஒரு ஷேடு கார்டு. டியூப் லைட்டில் பார்த்த நிறத்தை யார் சத்தியம் பண்ணிச் சொன்னாலும் நம்பமாட்டாள். ஜன்னலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் அவளுக்கு அது நிறம்.

முதல் குழந்தை, பெண். பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா குழந்தையின் நெற்றியில் விரலை அழுத்தி எடுத்துப் பார்த்தார்.

"லேசா மஞ்சள் இருக்கு. பயப்பட வேணாம், பாதிக்கு மேல குழந்தைங்களுக்கு இது வரும், பெரும்பாலும் தானாப் போயிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பால் குடுங்க. நாளை மறுநாள் காலைல கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கணும்."

"தானாப் போயிடும்னா எதுக்கு டாக்டர் ரத்தம்?" என்று கேட்டாள் கூட வந்த நாத்தனார், கணவனின் அக்கா.

"எந்தக் குழந்தைக்குப் போகாதுன்னு முகத்தப் பார்த்துச் சொல்ல முடியாதும்மா. ரத்தம்தான் சொல்லும். நடுவுல குழந்தை பால் குடிக்காம தூங்கித் தூங்கி விழுந்தாலோ, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கினாலோ, நாளை மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே வாங்க."

நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டவள் இல்லை. தம்பி மனைவியின் பிரசவத்துக்கு வேலையில் லீவு போட்டு வந்து, சமைத்து, துவைத்து, ராத்திரியெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள். வங்கியில் காசாளர். கட்டுக்குள் ஒரு கள்ள நோட்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே எடுத்துவிடுவாள். நோட்டு கள்ளமா என்று பார்க்க அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மனிதர்களைப் பார்க்க யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

"பச்ச மண்ணு, அதப் போய் ஊசியால குத்துவாங்களாம்," என்றாள் வழியெல்லாம். "எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பொன்விரல்காரர்தான் இறக்கினாரு. வலியே இல்ல. தடவுறது மட்டும்தான். ஒரு தடவ போய்ப் பார்க்கிறதுல என்னடா போச்சு?"

கடைசிக் கேள்வி தம்பிக்கு. தம்பி லிஃப்ட் மெக்கானிக். எதுவும் பேசாதவன். அக்கா சொன்னால் தலையாட்டுவான். மனைவி சொன்னாலும் தலையாட்டுவான். இரண்டு பேரும் வேறு வேறு சொன்னால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான்.

அன்று சாயங்காலமே போனார்கள். துணி மஞ்சளானது. ஷேடக்காவும் 'ஆ' என்றாள். இதை மறைத்துப் பயனில்லை. மூன்று நாள் தூங்காத கண், டியூப் லைட், தன் குழந்தை. நிறம் பார்ப்பதற்கே பிறந்தவளும் அன்று எழுபதோடு எழுபத்தொன்றாக வாய் பிளந்தாள். வீட்டுக்கு வந்து குழந்தை நான்கு மணி நேரம் அசையாமல் தூங்கியது. பாலுக்குக்கூட எழவில்லை.

"பார்த்தியா, எவ்ளோ நிம்மதியாத் தூங்குது!" என்றாள் நாத்தனார்.

எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மதியம் இரண்டாம் அமர்வு. முறை வரும்வரை உட்கார்ந்திருந்த ஷேடக்காவின் கண் கம்பியில் தொங்கிய துணிகளின் மேல் போனது. வேலைப் பழக்கம். முதல் துணியைப் பார்த்தாள், கடைசித் துணியைப் பார்த்தாள். நடுவில் நாலைந்தைப் பார்த்தாள். எழுந்துபோய் ஒரு துணியின் ஓரத்தை ஜன்னல் பக்கமாக இழுத்துப் பிடித்துப் பார்த்தாள்.

"கை வைக்காதீங்க!" என்று உதவியாளர் அம்மாள் போட்ட சத்தத்தில் தூங்கிய குழந்தைகள் நாலு அழுதன.

ஷேடக்கா வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கம்பியில் இருபத்தாறு துணி. இரண்டு நாள் குழந்தையும் உண்டு, பத்து நாள் குழந்தையும் உண்டு. இருபத்தாறு வயிறு, இருபத்தாறு வீட்டுப் பால். ஆனால் மஞ்சள் ஒன்றே ஒன்று. கார்டில் ஒன்பதாம் படி. ஒரு நூல் கூடுதல் இல்லை, ஒரு நூல் குறைச்சல் இல்லை.

பட்டறையில் ஒரே தொட்டியில் ஒரே சாயத்தில் முக்கிய துணியே முதல் பக்கம் ஒரு நிறமும் கடைசிப் பக்கம் ஒரு நிறமுமாக வந்து அவள் உயிரை வாங்கும். இரண்டு தொட்டியை ஒன்றுபோல் ஆக்க முதலாளி தலையால் தண்ணீர் குடித்துப் பார்க்கிறார். இங்கே இருபத்தாறு குழந்தைகள் ஒரே தொட்டியில் முக்கியதுபோல் மஞ்சள் கக்குகின்றன. 'இவரை எங்க பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயிடலாமே' என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியது அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து ஷேடு கார்டை எடுத்தாள். குழந்தையை ஜன்னலோரம் கிடத்தி, நெற்றியில் விரலை அழுத்தி எடுத்து, டாக்டரம்மா செய்ததுபோல் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அந்த இடம் எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவிருந்தது. அவளுக்கு நிறம் மறக்காது. அன்றைக்கு நான்காம் படி. இன்றைக்கு ஆறு.

இரண்டு தடவை மஞ்சள் இறங்கியிருக்கிறது. இரண்டு படி ஏறியிருக்கிறது.

"அண்ணி, இது குறையல. கூடியிருக்கு," என்றாள்.

"உன் கண்ணுக்கு எல்லாமே சாயந்தான்," என்றாள் நாத்தனார். "உள்ள இருக்கிறது தோலுக்கு வந்துதானே வெளிய போகணும்? அவரே சொன்னாரு. ஏழு நாள் பொறுத்துக்கம்மா."

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"அமர்வ முடிச்சிட்டு அப்படியே போயிடலாம். ரெண்டுமே ஆச்சு."

கணவன் இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து, அழுக்கே இல்லாத அதைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஐந்தாம் நாள் காலை. விடிந்ததிலிருந்து குழந்தை வாய் வைக்கவில்லை. காம்பை உதட்டில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கியது. பாதத்தைச் சுண்டினாலும் விழிக்கவில்லை. ஷேடக்கா அந்தப் பாதத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் காட்டினாள். உள்ளங்கால் மஞ்சளாக இருந்தது. கார்டே வேண்டியிருக்கவில்லை.

"என்னங்க, வண்டி கூப்பிடுங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு."

அவன் உடனே தலையாட்டினான். அவள் முகம் கழுவி, உடை மாற்றி, ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஷேடு கார்டையும் தோள் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பத்து நிமிஷம் இருக்கும். குழந்தை இல்லை. நாத்தனாரும் இல்லை.

"அக்கா டோக்கன் போட முன்னாடி போறேன்னு சொன்னா," என்றான் கணவன், செருப்பை மாட்டியபடி. "குழந்தையத் தூக்கிட்டுப் போவான்னு நான் நினைக்கல."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் படியிறங்கி ஓடினான்.

மூன்று மாடியை அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மேலே வந்தபோது குழந்தை மெத்தையில் கிடந்தது. தைலம் தடவியாகிவிட்டது. பொன்விரலார் கால்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். கால்கள் துணிப்பொம்மையின் கால்கள்போல் போன திசைக்குப் போயின.

"அருமையான குழந்தை. கொஞ்சங்கூட எதிர்ப்பு இல்ல," என்று சபைக்கு அறிவித்தார்.

"குழந்தையக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றாள் ஷேடக்கா.

பொன்விரலார் கையை உயர்த்தினார். "பாதியில எழுப்பக் கூடாதும்மா. இறங்கிட்டிருக்கிற மஞ்சள் பாதியில நின்னா மூளைக்கு ஏறிடும். அப்புறம் நான் பொறுப்பில்ல."

எழுபது பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். இரண்டு பெரியவர்கள் எழுந்து அவளுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "என்ன தாய் இவ!" என்றாள். நாத்தனார் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சே நிமிஷம்மா. கால்ல விழறேன். மூளைக்கு ஏறிடுச்சுன்னா என்ன பண்றது?" நாத்தனாரின் பயம் நடிப்பில்லை.

இழுத்துக்கொண்டு ஓடலாமா என்று ஷேடக்கா பார்த்தாள். எழுபது பேர், ஒரு வாசல், ஐந்து நாள் குழந்தை. முடியாது. இவர்கள் வழிவிட வேண்டும் என்றால் இவர்களே பார்க்க வேண்டும். அதுவும் இப்போதே.

குரலைத் தணித்துக்கொண்டாள். "சரிங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அதத் தீர்த்து வெச்சீங்கன்னா நானே உக்காந்துக்கிறேன்."

"கேளும்மா. அறிவு இருக்கிறவங்கதான் கேப்பாங்க," என்றார் பொன்விரலார் பெருந்தன்மையாக.

"துணியில வர்ற மஞ்சள் குழந்தையோட உடம்புல இருந்துதானே வருது?"

"வேற எங்கேருந்து வரும்?"

"மஞ்சள் இல்லாத உடம்புல தடவினா வராது?"

"எப்படி வரும்? இல்லாதது எப்படி வரும்?"

"நல்லா கேட்டுக்குங்க எல்லாரும்," என்றாள். சட்டென்று குனிந்து, பெரியவர்களுக்கு இடையே கையை நீட்டிப் புட்டியை எடுத்துத் தைலத்தை மேஜையின் மர ஓரத்தில் ஊற்றினாள். உதவியாளர் அம்மாள் 'ஐயோ' என்பதற்குள் பேசினிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்துப் பிழிந்து அதன் மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள். தொப்புள் இல்லாததால் மேஜையின் மூலை வரை.

துணி மஞ்சளானது.

யாரும் 'ஆ' சொல்லவில்லை. ஷேடக்கா தோள் பையிலிருந்து ஷேடு கார்டை எடுத்து விரித்து, துணியின் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். "ஒன்பதாம் நம்பர். கம்பியில தொங்குறது எல்லாமே ஒன்பது. வந்து பாருங்க. ஜன்னல் பக்கம் வந்து பாருங்க."

பொன்விரலார் அசரவில்லை. இந்தத் தொழிலில் அசருகிறவன் முடித் தைலத்தோடு முடிந்திருப்பான். புன்னகை செய்தார்.

"அம்மா, இந்த மேஜையில எத்தன குழந்தைங்க படுத்து எழுந்திருக்கு! அதுங்க மஞ்சள மரம் குடிச்சிருக்கு. இப்ப அதுவும் இறங்குது. என் வைத்தியத்துக்கு இதவிட என்ன சாட்சி வேணும்?"

சபை பெருமூச்சு விட்டது. சிலர் தலையாட்டினார்கள். நடுவில் நின்ற பெரியவர் மேஜையைப் பரிதாபமாகத் தொட்டுப் பார்த்தார். மரத்துக்கே காமாலை, ஐயோ பாவம்.

ஷேடக்கா திரும்பிப் பார்த்தாள். மெத்தையில் குழந்தை வாயைத் திறந்தபடி கிடந்தது. பாலுக்காகத் திறந்த வாய் இல்லை அது. இன்னும் எதன் மேல் தேய்த்துக் காட்டுவது? சுவரைத் தேய்த்தால் சுவரும் குடித்தது என்பார். தன் கையைத் தேய்த்தால் உனக்கும் காமாலை என்பார். இந்த அறையில் மஞ்சளைக் குடிக்காத பொருள் எது?

அப்போதுதான், மாடி ஏறி வந்ததிலிருந்து வாய் திறக்காத ஒருவன் வாய் திறந்தான்.

"இத வெச்சுத் தேய்ங்க," என்றான் கணவன்.

கருவிப் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து மேஜையில் வைத்தான். நேற்று சாயங்காலம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி ஆக்கியிருந்த ஸ்பேனர்.

"இது பன்னெண்டு வருஷமா லிஃப்ட் குழிக்குள்ளதான் இருக்கு," என்றான். நிதானமாகத்தான் சொன்னான், ஆனால் காது சிவந்திருந்தது. "அங்க குழந்தைங்க வர்றதில்ல. இரும்பு எதையும் குடிக்காது. தேய்ங்க. நீங்களே தேய்ங்க."

"இதெல்லாம் வைத்தியத்த அவமதிக்கிறது," என்றார் பொன்விரலார்.

"வராதுன்னுதானே சொன்னீங்க? வராதத தேய்க்க என்ன பயம்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பத்து நாள் குழந்தையோடு வந்த ஒரு தகப்பன். ஆறு அமர்வு முடித்தவன்.

பொன்விரலார் விரல்களை மடக்கிக்கொண்டார். பொன்விரல்கள் அன்றைக்கு ஒத்துழைக்கவில்லை. அந்தத் தகப்பனே எழுந்து வந்தான். தைலத்தை ஊற்றினான், ஸ்பேனரில் தடவினான், சைக்கிள் மிதிக்க அதற்குக் கால் இல்லாததால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டு, துணியை வாங்கி இழுத்தான்.

ஒன்பதாம் நம்பர்.

அறையில் ஸ்பேனருக்கு முற்றிய காமாலை என்பது அனைவருக்கும் தெளிவாகிவிட்டது.

ஷேடக்கா பேசினுக்குள் விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். வழவழவென்று வழுக்கியது. பட்டறையில் கண் தெரியாத வேலைக்காரனும் இந்த வழவழப்பை அறிவான்.

"சுண்ணாம்புத் தண்ணி," என்றாள். "அடில படிய விட்டு மேல தெளிஞ்சத எடுத்திருக்காரு. புட்டியில இருக்கிறது ஏதோ மரப்பட்டைச் சாறு. தனித்தனியா ரெண்டுக்கும் நிறம் இல்ல. சேர்ந்தா மஞ்சள். இதத்தான் நாங்க பட்டறையில சாயம் போடுறதுன்னு சொல்லுவோம். கையுறை போட்டுக்கிட்டுச் செய்வோம். இவரு பச்சக் குழந்தை மேல செய்றாரு."

அவளுக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் தானும் 'ஆ' என்றாளே, அந்த 'ஆ'வை அவளால் மன்னிக்க முடியவில்லை.

வழி மறித்த இரண்டு பெரியவர்கள் எப்போது விலகினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. முதலில் அசைந்தது நாத்தனார். குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு, மூன்று மாடியையும் அவர்களுக்கு முன்னால் இறங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தியபோது குழந்தை லேசாகத்தான் முனகியது. அதற்குத்தான் டாக்டரம்மாவின் முகம் மாறியது, ஊசிக்கு அல்ல.

"எத்தன நேரமா இப்படித் தூங்குது?"

"ரெண்டு நாளா," என்றாள் நாத்தனார். "நல்லாத் தூங்குதுன்னு நினைச்சோம் டாக்டர்."

"அது தூக்கம் இல்லம்மா. மஞ்சள் ஏறினா குழந்தை அப்படித்தான் மயங்கிக் கிடக்கும். இத விட்டிருந்தா மூளையத் தொட்டிருக்கும். தொட்டா திரும்ப வராது. காது போகும், கை கால் இழுத்துக்கும்." ரத்தத்தின் எண் வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லையில இருக்கு. தாண்டல. இன்னைக்கு வந்தீங்க, பொழைச்சீங்க."

மஞ்சள் நிஜமாகவே மூளைக்கு ஏறப் பார்த்திருக்கிறது. பொன்விரலார் சொன்னதில் அது ஒன்றுதான் சரி. எப்போது ஏறும் என்பதைத்தான் மாற்றிச் சொன்னார்.

குழந்தையை நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிக் கிடத்தினார்கள். எண்ணெய் இல்லை, 'ஆ' சொல்ல ஆள் இல்லை, மஞ்சளாகிற துணி இல்லை. வெறும் வெளிச்சம். பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருந்தது. இரண்டாம் நாள் குழந்தை பசிக்கு வீறிட்டு அழுதபோது, அந்த வார்டையே எழுப்பிய அந்த அழுகையைக் கேட்டு ஷேடக்கா சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். கணவன் வெளியே போய் ஸ்பேனரைத் துடைத்தான். கறை போகவில்லை.

மூன்றாம் நாள் தலைமை நர்ஸ் வந்து குழந்தையின் வயிற்றை உள்ளங்கையால் வட்டமாகத் தடவி, கால்களை மெதுவாக மடக்கி நீட்டினாள். நாத்தனார் திடுக்கிட்டு எழுந்தாள்.

"என்ன நீங்களும் தடவுறீங்க?"

"தடவினா நல்லதுதாங்க," என்றாள் நர்ஸ். "குழந்தை முழிச்சுக்கும், நல்லா பால் குடிக்கும், வயிறு போகும். மஞ்சள் வெளிய போறது அந்த வழியாத்தான். அம்மா கைதான் அதுக்கு வசதி. ஆனா விளக்க அணைச்சிட்டு இல்ல, ரத்தம் பார்க்காம இல்ல. இது கூடச் செய்றது. பதிலுக்குச் செய்றது இல்ல."

நாத்தனார் கிட்டே வந்து குழந்தையின் கால்களைப் பார்த்தாள். அப்புறம், "அந்த ஆளு காலப் பிடிச்சு மடக்கினப்ப அது எதிர்க்கவே இல்ல," என்றாள். "இப்ப பாரு, நர்ஸம்மாவ உதைக்குது." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடும்மா."

"அண்ணி, நானும் 'ஆ' சொன்னவதான்," என்றாள் ஷேடக்கா.

அந்த மூன்றாவது மாடி என்ன ஆனது? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நிறையப் பேர் அன்றே இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கொஞ்சம் பேர் டோக்கன் போட்டுவிட்டோமே என்று உட்கார்ந்திருந்தார்கள். இரும்பிலிருந்தே மஞ்சளை எடுத்தவருக்குக் குழந்தை எம்மாத்திரம் என்று ஒருவர் பேசிக்கொண்டு இறங்கியதைப் பெயின்ட் கடைக்காரர் தன் காதாலேயே கேட்டிருக்கிறார். மறு வாரம் சுகாதாரத் துறை ஆட்கள் வந்தபோது பலகை இல்லை, புட்டி இல்லை, ஆள் இல்லை. கம்பி மட்டும் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து நாலு தெரு தள்ளி, இன்னொரு கட்டடத்தில், இன்னொரு பலகை தொங்கியது. இந்தத் தடவை வெள்ளிவிரலார். அதே வழுக்கை. வங்கிக்குப் போகும் வழி அது. நாத்தனார் படிக்கட்டின் கீழே நின்று பலகையைப் படித்தாள். மேலே ஏறப்போன ஓர் இளம் தம்பதி, கையில் துணியில் சுற்றிய குழந்தையோடு, அவளிடம் கேட்டார்கள்.

"உள்ள கூட்டம் அதிகமாங்க?"

"கூட்டத்துக்கு என்ன குறைச்சல்," என்றாள் நாத்தனார். கைப்பையைத் திறந்து அதற்குள்ளிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து அந்த இளம் தகப்பன் கையில் வைத்தாள். ஓரத்தில் மஞ்சள் கறை படிந்த ஸ்பேனர். "மேல போனதும் முதல்ல இதுக்குத் தடவச் சொல்லுங்க. இதுக்கும் காமாலைன்னு வந்தா, நின்னு வாய் பிளக்காம குழந்தையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஸ்பேனரத் திருப்பிக் கொண்டுவந்து குடுத்துடணும், நாளைக்கு வேற யாராவது வருவாங்க."